கொலு பொம்மை முதல் வெண்கலச் சிலை வரை: உடையும் பொருளை விமானத்தில் கையோடு கொண்டுபோவது எப்படி?

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பார்த்துப் பார்த்து வாங்கிய தசாவதார செட். சிங்கப்பூர் வீட்டில் இந்த வருஷம்தான் முதல் கொலு. "செக்-இன்ல போட்டா உடைஞ்சிடும், கையிலயே வச்சுக்கோ" என்று அம்மா சொல்ல, பத்து பொம்மைகளும் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு கேபின் டிராலிக்குள் போகின்றன. செக்-இன், இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் தாண்டியாச்சு. விமானத்தில் ஏறப்போகும் நேரம். கேட்டில் நிற்கும் ஊழியர் சொல்கிறார்: "ஃப்ளைட் ஃபுல் மேடம். மேல வைக்க இடம் இல்ல. இந்த பேக்கை கீழ அனுப்பிடுறோம்." ஒரு டேக் ஒட்டப்படுகிறது. கையோடு வர வேண்டிய பெட்டி, சரக்கு அறைக்குப் போகிறது. உள்ளே இருப்பது ஒற்றைச் சுற்று வேட்டித் துணி மட்டும்.

கையோடு பொம்மை எடுத்துப்போகும் யாருக்கும் இது நடக்கலாம். 'ஹேண்ட் லக்கேஜ் என்றால் பத்திரம்' என்ற நம்பிக்கையில்தான் பலரும் சரியாக பேக் செய்யாமல் கிளம்புகிறார்கள். உண்மையில் ஒரு கைப்பை நம் கையை விட்டுப் போக மூன்று இடங்கள் இருக்கின்றன: செக்-இன் கவுன்ட்டரின் தராசு, சோதனை மேஜை, போர்டிங் கேட். இந்த மூன்றையும் மனதில் வைத்து பேக் செய்தால்தான் பொம்மை முழுசாக ஊர் போய்ச் சேரும்.

சுண்டு விரல் உடைந்த சிலைக்கு நஷ்ட ஈடு வாங்கினாலும் மனசு ஆறாது. பின்னமான பொம்மையைக் கொலுப் படியில் வைக்க மாட்டோம் என்று சொல்லும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். ஆகவே இங்கே வருமுன் காப்பதுதான் ஒரே வழி.

எதைக் கையோடு கொண்டுபோகலாம்?

முதல் கேள்வி அளவு. இந்தியாவில் எகானமி பயணிகளுக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் அனுமதிப்பது ஒரே ஒரு கைப்பை, 7 கிலோ வரை. பரவலாக உள்ள அளவு 55 × 35 × 25 செ.மீ. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும் என்பதால் டிக்கெட்டில் உள்ளதைப் பார்த்துவிடுங்கள்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சிலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மெத்தை வேண்டும். அப்படியானால் உள்ளே வைக்கக்கூடிய பொருளின் உச்ச அளவு 45 × 25 × 15 செ.மீ. பையின் கனத்தையும் கழித்தால் சுமார் 40 செ.மீ. உயரம். ஒரு அடி பொம்மை வசதியாகப் போகும். ஒன்றரை அடிப் பொம்மையைக் கடையில் தூக்கிப் பார்க்கும்போதே, இது கைப்பைக்கு இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி எடை. களிமண், காகிதக்கூழ் பொம்மைகளில் இது பெரிய பிரச்சினை இல்லை. சிக்கல் வெண்கலத்தில்தான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அளவுள்ள வெண்கலம் கிட்டத்தட்ட 9 கிலோ இருக்கும். சுவாமிமலை சிலைகள் மெழுகு வார்ப்பு முறையில் பெரும்பாலும் உள்ளே பொள்ளல் இல்லாமல் கனமாக வார்க்கப்படுபவை. டிராலியே இரண்டு, மூன்று கிலோ இருக்கும்போது சிலைக்கு மிஞ்சுவது நான்கரை கிலோதான். கவுன்ட்டரில் தராசு முள் தாண்டினால் முதல் பிரிவு அங்கேயே நடக்கும். ஆகவே வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். கனமான வெண்கலத்தைச் செக்-இன் பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் துணி அடைத்து வைப்பதே நல்லது. அது சுலபத்தில் உடையாது, வளையத்தான் செய்யும். கையோடு வர வேண்டியவை உடையக்கூடியவை.

பெரிய, விலையுயர்ந்த சிலை என்றால் பக்கத்து சீட்டையே அதற்கு வாங்கலாம். வீணை, செல்லோ போன்ற கருவிகளுக்குப் பலர் செய்வது இதுதான். ஆனால் ஆன்லைனில் சும்மா இரண்டு டிக்கெட் போட்டால் செல்லாது. விமான நிறுவனத்தை முன்கூட்டியே அழைத்து, அளவு, எடை சொல்லி, அனுமதி வாங்க வேண்டும்.

எந்தப் பொம்மை எங்கே உடையும்?

எல்லாச் சிலையையும் ஒரே மாதிரி சுற்றக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு.

களிமண் பொம்மை: கழுத்து, மணிக்கட்டு, கிரீடத்தின் நுனி. விழுந்தால் மட்டுமல்ல, பக்கத்துப் பொம்மை மீது இடித்தாலே சில்லு பெயரும். இரண்டு பொம்மைகளை ஒரே துணியில் சேர்த்துச் சுற்றவே கூடாது.

காகிதக்கூழ் பொம்மை: இலேசானது, சுலபத்தில் உடையாது. எதிரி ஈரம். தண்ணீர் பாட்டிலை அதே பையில் வைக்காதீர்கள்.

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை: நாட்டியப் பெண் பொம்மையில் தலை, உடல், பாவாடை தனித்தனித் துண்டுகள். கம்பி முனையில் நிற்பதால்தான் ஆடுகின்றன. பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றுங்கள். மாட்டிய நிலையில் கொண்டுபோனால், ஆடும் இடமே உரசி உரசி உடையும்.

வெண்கலம்: திருவாசி, நடராஜரின் விரிசடை, நீட்டிய கை. இவை வளையும். திருவாசி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடுங்கள்.

மாக்கல் சிற்பம்: மாமல்லபுரத்தில் வாங்கும் சின்னச் சிற்பங்களில் இது நிறைய. மென்மையான கல் என்பதால் சாவி பட்டால்கூடக் கீறல் விழும்.

ரெசின், பி.வி.சி. உருவங்கள்: டோக்கியோ அகிஹாபாராவில் வாங்கிய அனிமே உருவம் என்றால், அது வந்த பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அச்சு அந்த உருவத்துக்கென்றே செய்யப்பட்டது. ரெசின் பட்டென்று உடையும். பி.வி.சி. சூட்டில் இளகிச் சாயும், எனவே வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

பீங்கான்: ஸ்பெயினின் யாத்ரோ போன்ற பீங்கான் சிலைகளில் பூவிதழும் விரல்களும்தான் முதலில் போகும்.

பேக் செய்வது எப்படி?

பழைய வேட்டித் துணி, அம்மாக்களின் அனுபவ அறிவு. வண்ணத்தின் மீது நேரடியாகப் படும் முதல் சுற்றுக்கு மெல்லிய பருத்தித் துணியோ டிஷ்யூ தாளோதான் சரி. செய்தித்தாளின் மை வெளிர் நிறத்தில் ஒட்டும். பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றினால் சூட்டில் வண்ணத்தோடு ஒட்டி வட்ட வட்டமாகத் தடம் விழலாம். அதனால் பபிள் ராப் இரண்டாவது சுற்றுதான்.

சுற்றுவதற்கு முன் இடைவெளிகளை நிரப்புங்கள். கைக்கும் உடலுக்கும் நடுவே, காலுக்கு நடுவே, புல்லாங்குழலுக்குக் கீழே டிஷ்யூவைத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். திணிக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் கை மீது எந்த அழுத்தமும் இல்லாமல், உடலும் பீடமும் பாரத்தைத் தாங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் பத்திரம் என்று நினைப்பது தவறு. பாதி விரல்கள் கட்டும்போதே போகின்றன.

பிறகு ஒரு கெட்டியான அட்டைப் பெட்டி. மூடி மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் மறுபடி நிரப்புங்கள். அந்தப் பெட்டி டிராலிக்குள் அல்லது முதுகுப் பைக்குள் போக வேண்டும். சுற்றிலும் நீங்கள் எப்படியும் எடுத்துப்போகும் ஸ்வெட்டர், துண்டு, டி-ஷர்ட். தனியாக எடை கூடாது.

இந்தப் பெட்டிக்குள் பெட்டி முறைக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. டிராலி கையை விட்டுப் போக நேர்ந்தாலும், உள்பெட்டியை ஒரே அசைவில் வெளியே எடுத்துவிடலாம். மடித்து வைத்த ஒரு துணிப்பையும் கூட இருக்கட்டும். இது எங்கே உதவும் என்பதைக் கீழே பார்ப்போம்.

பெட்டியை பிரவுன் டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள். நாடா, வெல்க்ரோ, தடித்த ரப்பர் பேண்ட் போதும். சோதனையில் திறக்கச் சொல்வார்கள். பிளேடு இல்லாத இடத்தில் டேப்பைப் பிய்ப்பதுதான் பொம்மைக்கு ஆபத்தான நிமிடம்.

வைக்கோல் வேண்டவே வேண்டாம். பரணில் வைக்கும் மரப்பெட்டிக்கு அது சரி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் வைக்கோல், மரம் போன்ற தாவரப் பொருட்களை இறங்கியதும் அறிவிக்க வேண்டும். வைக்கோலைப் பறிமுதல் செய்யலாம்.

இன்னொன்று, டிராலியின் சக்கரம். நடைபாதைக் கற்களிலும் பார்வையற்றோருக்கான புடைப்பு ஓடுகளிலும் அது எழுப்பும் அதிர்வு நேராகப் பொம்மைக்குப் போகும். முடிந்தால் முதுகுப் பை. இல்லையென்றால் கரடுமுரடான இடத்தில் தூக்கிக்கொண்டு நடங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் என்ன நடக்கும்?

கனமான உலோகமும் கல்லும் எக்ஸ்-ரே திரையில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கறுப்புப் பிழம்பாகத் தெரியும். எனவே திறந்து பார்ப்பார்கள். கோபப்பட வேண்டாம், அது அவர்கள் வேலை. பையை பெல்ட்டில் வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "சார், உள்ள மண் பொம்மை இருக்கு, உடையும். திறக்கணும்னா நானே திறந்து காட்டுறேன்." இந்த ஒரு வரி பெரும்பாலும் வேலை செய்யும். சுற்றும் முன் எடுத்த போட்டோவை மொபைலில் தயாராக வைத்திருந்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

பையை ட்ரேயில் படுக்க வையுங்கள். பெல்ட்டின் கடைசியில் பின்னால் வரும் கனமான பைகள் முன்னால் இருப்பதை இடிக்கும் என்பதால், மறுபக்கம் சீக்கிரம் போய் நில்லுங்கள்.

முருகனின் வேல், துர்க்கையின் சூலம், அய்யனாரின் அரிவாள் போன்ற கழற்றக்கூடிய கூர்மையான உலோகப் பாகங்களை முன்பே கழற்றிச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். கூர்மையான பொருளுக்கு கேபினில் அனுமதி இல்லை. கழற்ற முடியாத கூரான வேல் என்றால் சிலையே செக்-இன்தான். கனமான சிலையை, அடிக்கப் பயன்படும் பொருள் என்று கருதி மறுக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. அங்கே கடைசி வார்த்தை அவருடையது.

உள்ளே தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் கோளத்துக்கு, சர்வதேசப் பயணத்தில் திரவத்துக்கான 100 மி.லி. விதி பொருந்தும். நடுவில் வேறு விமானம் மாறுகிறீர்கள் என்றால் அங்கும் மறுபடி சோதனை இருக்கலாம். பெட்டியை இரண்டாவது முறையும் திறந்து மூடும் அளவுக்குக் கட்டு எளிமையாக இருக்கட்டும்.

பாட்டி வீட்டுச் சிலையை வெளிநாடு கொண்டுபோகலாமா?

உடைவதைவிடப் பெரிய ஆபத்து இங்கே இருக்கிறது. இந்தியாவின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972-ன்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள சிற்பம் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். "எங்க கொள்ளுத்தாத்தா காலத்து கிருஷ்ணர், எங்க வீட்டுப் பூஜையறையில இருந்ததுதான்" என்பது உண்மையாகவே இருந்தாலும் பதில் அதேதான்.

அதிகாரிகள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலில் திருடுபோன சோழர் கால நடராஜரை, ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. திருட்டுச் சிலை என்று தெரியவந்து 2014-ல்தான் அது இந்தியாவுக்குத் திரும்பியது. இப்படி ஒரு வரலாறு இருக்கும்போது, பச்சை பூத்த ஒரு வெண்கலச் சிலையைப் பார்த்தவுடன் சுங்க அதிகாரி நிறுத்தத்தான் செய்வார்.

புதிய சிலைக்கும் பிரச்சினை வரலாம். பழசு போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே பல சிலைகளுக்குப் பூச்சு கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டதை வாங்கினால், 'இது தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது. அதன் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. போட்டோக்களோடு விண்ணப்பித்து, சிலையை நேரில் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்றுப் பழகிய கடைகளில் இதற்கு உதவுவார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள். தேதியுள்ள பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மரப்பாச்சியையும் கவனிக்க வேண்டும். பழைய மரப்பாச்சிகள் பல செம்மரத்தில் செய்தவை. செம்மரம், அழியும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள மரம். அதன் ஏற்றுமதிக்கு இந்தியாவிலும் கடும் கட்டுப்பாடு. உங்கள் மரப்பாச்சி எந்த மரம் என்று தெரியாமல் பையில் போடாதீர்கள். யானைத் தந்தம் என்றால் பேச்சே இல்லை, எடுக்கவே கூடாது.

கேட்டில் பையைக் கேட்டால்?

இதுதான் மூன்றாவது, பலரும் எதிர்பார்க்காத இடம். கேபினில் எல்லோருடைய டிராலிக்கும் மேலே இடம் இருப்பதில்லை. சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏடிஆர் விமானங்களில் மேல் அறை இன்னும் சின்னது. கடைசியில் ஏறுபவர்களின் பைதான் முதலில் கீழே போகும். உங்கள் வரிசையை அழைத்தவுடன் ஏறிவிடுங்கள். டீ, காபி பிறகு.

அப்படியும் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். "உள்ள உடையற பொம்மை இருக்கு, அதை மட்டும் எடுத்துக்கிட்டு டிராலியைக் கொடுத்துடுறேன்" என்று சொல்லி, உள்பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் பெட்டி இங்கேதான் உதவும். பவர் பேங்கையும் மறக்காமல் எடுங்கள், அது சரக்கு அறைக்குப் போகக் கூடாது.

விமானத்துக்குள் எங்கே வைப்பது?

முன் சீட்டுக்கு அடியில், உங்கள் காலுக்கு முன்னால். அங்கே வேறு யாருடைய பையும் அதன் மேல் விழாது. மேல் அறையில் வைத்தால், கடைசியாக வருபவர் தன் பையைத் தள்ளி நுழைப்பார். இதற்காக சீட் தேர்வு செய்யும்போது அவசர வழி வரிசையையும், முன்னால் தடுப்புச் சுவர் உள்ள முதல் வரிசையையும் தவிர்த்துவிடுங்கள். அங்கெல்லாம் டேக்-ஆஃப், லேண்டிங் சமயத்தில் பை கீழே இருக்கக் கூடாது. மடியில் வைத்துக்கொள்வதும் அந்த நேரத்தில் அனுமதி இல்லை.

உடைந்தால் யார் பொறுப்பு?

சர்வதேசப் பயணங்களில் இதற்கு 1999-ம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009-ல் இதில் இணைந்தது. கைப்பைக்கும் செக்-இன் பெட்டிக்கும் சட்டம் வேறு வேறு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது செக்-இன் பெட்டி சேதமானால், பொதுவாக நிறுவனமே பொறுப்பு. ஆனால் பொருளின் இயல்பான குறையால் சேதம் என்றால், அந்த அளவுக்கு விலக்கு. உடையக்கூடிய பொருளை நிறுவனங்கள் தட்டிக்கழிக்க முயல்வது இந்த வாசல் வழியாகத்தான். கைப்பையிலோ, நிறுவனத்தின் அல்லது அதன் ஊழியரின் தவறால் உடைந்தது என்றால் மட்டுமே பொறுப்பு. நீங்களே வைத்து, நீங்களே எடுக்கும்போது உடைந்தால் நஷ்டம் உங்களுடையதுதான்.

இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. இது அதிகபட்சத் தொகை, தானாகக் கிடைப்பதல்ல. செக்-இன் பெட்டியில் இதைவிட மதிப்புள்ள பொருள் இருந்தால், ஒப்படைக்கும்போதே மதிப்பைச் சிறப்பாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணம் செலுத்தலாம்.

செக்-இன் பெட்டியில் உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கவுன்ட்டரில் புகார் பதிந்து நகல் வாங்குங்கள். எழுத்துப்பூர்வப் புகாருக்குக் கெடு, பெட்டி கிடைத்ததிலிருந்து 7 நாள். 'ஃப்ராஜைல்' டேக் ஒட்டும்போது நீட்டும் தாளில் கையெழுத்திடும் முன் படியுங்கள். சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று அதில் இருக்கலாம். டிராவல் இன்ஷூரன்ஸிலும் உடையும் பொருளுக்கு விலக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உடைந்ததைப் பார்த்த பதற்றத்தில் ஃபெவிக்விக் தேடி ஓடாதீர்கள். முதலில் போட்டோ. பிறகு சின்னச் சில்லு வரை பொறுக்கி ஒரு கவரில் போடுங்கள். அவசரத்தில் கோணலாக ஒட்டியதைப் பிரிப்பது, உடைந்ததைச் சேர்ப்பதைவிடக் கஷ்டம். பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டால் திரும்பப் பிரிக்கக்கூடிய பசையைத்தான் பயன்படுத்துவார்கள்.

கிளம்பும் முன் ஒரு முறை

வீட்டுத் தராசில் மொத்த எடை, டேப் போடாத உள்பெட்டி, மடித்த துணிப்பை, மொபைலில் போட்டோ, தேதியுள்ள பில், தேவையென்றால் தொல்லியல் துறைச் சான்று. இத்தனையும் சரி என்றால் கடைசியாக ஒரு கேள்வி: இந்தப் பை இப்போது உங்கள் கையை விட்டுப் போனால், உள்ளே இருக்கும் பொம்மை தாங்குமா? 'தாங்கும்' என்று தைரியமாகச் சொல்ல முடிந்தால் டாக்ஸியை வரச் சொல்லலாம். முடியவில்லை என்றால், வேட்டித் துணி இன்னும் ஒரு சுற்று வரட்டும்.